நாலு மூலை மஞ்சள்

“…அன்னைக்கும் இப்பிடித்தான் வெறுந்தாளு. ஒரு மூலையிலயாவது மஞ்ச இருந்துச்சா? நீட்டுனாங்க, போட்டேன். உள்ள போனவன் வந்தானா?”

என் மனைவி இதைக் கேட்டது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ராணுவ குமாஸ்தாவிடம். அவருக்குத் தமிழ் தெரியாது. பேனா சரியாக எழுதவில்லை என்று குறை சொல்கிறாள்போல என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மரியாதையாக நீட்டினார். அவள் அதையும் வாங்கவில்லை. பக்கத்தில் எங்கள் மகள் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டுமாக நின்றுகொண்டிருந்தாள். காலுக்குப் பக்கத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டி. என் கையில் அவர்கள் கொடுத்த டீ. அது ஆறிக்கொண்டிருந்தது.

சென்னையில், ராணுவத்தில் அதிகாரிகளாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அகாடமியின் வாசல் அது. மகளுக்கு அன்று முதல் நாள். மதியம் இரண்டு மணிக்குள் எல்லாத் தாளையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். எல்லாம் கொடுத்தாகிவிட்டது, ஒரே ஒரு தாளைத் தவிர. அதில் அவளுடைய அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அம்மா போடமாட்டேன் என்கிறாள்.

நான் பஸ் கண்டக்டர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஓடும் தனியார் பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் நிற்கிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் சீட்டில் விட்டுப்போன பேப்பரும், ஏறி இறங்குகிற ஜனங்களின் வாயும்தான். யாராவது ஒரு வார்த்தை அழகாகச் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அது என்னோடேயே பயணம் செய்யும். புதுச்சத்திரத்தில் ஏறும் பூக்காரம்மா ஒரு தடவை, “கூட்டம் ஜாஸ்தியா இருந்தா நிக்க வலிக்காது கண்டக்டரே, சாஞ்சிக்க ஆளு இருக்குதுல்ல” என்றார். அதை நான் இதுவரை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

மகளுக்கு அகாடமியில் இடம் கிடைத்த சேதியும் பஸ்ஸில்தான் வந்தது. ஆலப்பாக்கம் தாண்டி நெரிசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. “அப்பா, லிஸ்ட்ல என் பேரு வந்துடுச்சு” என்றாள். “சரிம்மா” என்றேன். “யாரும்மா பெரியப்பட்டு, எறங்குங்க எறங்குங்க” என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. சந்தோஷம் வரும், வந்ததும் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். கடைசி டிரிப் முடிந்து சிதம்பரத்தில் இறங்கி, அண்ணாமலை நகரில் எங்கள் வாடகை வீடு வரைக்கும் நடந்தேன். வரவில்லை. பயமும் வரவில்லை. பல் பிடுங்கும் முன்னால் ஊசி போட்டால் வாய் இருக்கும், உதடு இருக்காது, அப்படி ஒரு நிலைமை. அது அன்றிலிருந்து போகவே இல்லை.

முதல் நாள் அங்கே என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மகள் என்.சி.சி.யில் இருந்தவள், அவளுக்கு ஓரளவு தெரியும். ஆனால் அவளிடம் கேட்டால், “போனா தெரியும்” என்பாள். அதனால் நான் லால்பேட்டை பாயைப் பிடித்தேன். பாய் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூரில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் கேண்டீனுக்குச் சாமான் வாங்க மாதத்தில் இரண்டு மூன்று தடவை காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரம் வந்து, அங்கே என் பஸ்ஸைப் பிடிப்பார். எப்போதும் பின்படிக்குப் பக்கத்து சீட். வயது எழுபதுக்கு மேல் இருக்கும், முதுகு சீட்டில் படாது.

அவர் சொன்னது எல்லாம் எனக்கு நிறுத்தம் நிறுத்தமாகத்தான் கிடைத்தது. நடுவில் ஆள் ஏறும், நான் முன்னால் போய்விட்டுத் திரும்பி வருவேன், அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

“மொத நாளு ஒன்னும் கத்துக்குடுக்க மாட்டாங்க கண்டக்டரே. இருக்கறத எடுத்துக்குவாங்க.”

“என்னாத்த பாய் எடுப்பாங்க?”

“போன எடுப்பாங்க. முடிய எடுப்பாங்க. பேர எடுத்துட்டு நம்பர குடுப்பாங்க. அப்புறம் ஓடச் சொல்லுவாங்க. எங்கன்னு கேக்கக்கூடாது.”

முட்லூரில் பத்துப் பேர் ஏறினார்கள். காசு வாங்கிவிட்டு வந்தேன்.

“பொட்டிய அவளேதான் தூக்கணும். அப்பன்காரன் கைய வச்சீங்கன்னு வைங்க, அப்பனுக்கும் சேத்து திட்டு வுழும்.”

“வெயிட்டு ஜாஸ்தியா இருக்குமே பாய்.”

“அப்ப இப்பலேர்ந்து கொறைங்க. ஊறுகா பாட்டிலு, முறுக்கு டப்பா, சாமி படம் பெருசு, இதெல்லாம் வச்சி அனுப்புவீங்க. எங்க உம்மா எனக்கு ஒரு தலகாணி வச்சி அனுப்பிச்சி. அந்தத் தலகாணிய தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிகினு மூணு ரவுண்டு ஓடுனேன். இன்னைக்கும் தலகாணிய பாத்தா எனக்குத் தூக்கம் வராது, மூச்சு வாங்குது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா சிரித்து, கூடையைக் கவிழ்த்துவிடப் பார்த்தார். சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “பொண்ணயா அனுப்பற கண்டக்டரு? பொம்பள புள்ள ஓடுனா நல்லாவா இருக்கும்?” என்றார். பாய் திரும்பினார். “ஏம்மா, துறைமுகத்துலேர்ந்து இந்தக் கூடைய தூக்கிகினு பஸ்ஸுக்கு ஓடியாந்தியே, அது யாரு, ஆம்பளையா?” மீன்காரம்மா, “நான் ஓடலன்னா மீனு ஓடிடும்” என்றார். அன்றைக்கு என்னோடு பயணம் செய்தது அந்த வார்த்தைதான்.

கடைசியாகக் கடலூர் பஸ் நிலையத்தில் இறங்கும்போது பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “பெத்தவங்கள கேட்டாண்டயே நிறுத்திடுவாங்க. டீ குடுப்பாங்க. நல்ல டீ. குடிச்சிட்டு திரும்பிப் பாக்காம வந்துடணும். பாத்தீங்கன்னா அவளும் பாப்பா. அவ பாத்தா அதுக்கும் ஒரு ரவுண்டு ஓடணும்.”

இதையெல்லாம் வீட்டில் வந்து சொல்லுவேன். மகள் சிரிப்பாள். முடியை அங்கே யாரோ வெட்டுவதற்கு முன்னால் தானே வெட்டிக்கொள்கிறேன் என்று ஒருநாள் போய்க் காதுக்குக் கீழே நிறுத்திக்கொண்டு வந்தாள். என் மனைவி அவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எண்ணெ மிச்சம்” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவளுக்கும் ஊசி போட்டமாதிரிதான் இருந்திருக்க வேண்டும்.

சிக்கல் தாளில் வந்தது.

சேரும்போது கொண்டுவர வேண்டிய தாள்கள் என்று ஒரு கட்டு இருந்தது. அதில் ஒன்றுக்கு ‘ரிஸ்க் சர்ட்டிபிகேட்’ என்று பெயர். மகள் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னாள். பயிற்சியில் அடிபட்டாலோ, உறுப்பு போனாலோ, உயிரே போனாலோ, அது எங்களுக்குத் தெரிந்தே நடந்தது, நாங்கள் எதையும் கேட்டு வரமாட்டோம் என்று பெற்றவர் எழுதிக்கொடுக்க வேண்டும். அவள் அதைப் பஸ் நேரம் படிப்பதுபோலப் படித்தாள். விண்ணப்பத்தில் காப்பாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் எந்நேரமும் ரோட்டில் இருக்கிறவன் என்று மகள் அம்மா பெயரைத்தான் போட்டிருந்தாள்.

“அம்மா, இங்க.” விரலை வைத்துக் காட்டினாள்.

என் மனைவி எழுந்து உள்ளே போனாள். ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் சொல்வதற்குள் தாளின் நாலு மூலையிலும் விரலால் தொட்டு வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். புதுக் கணக்கு நோட்டு, கல்யாணத்துக்குச் சாமான் எழுதும் தாள், பத்திரிகை, வாடகை ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் நாலு மூலையில் மஞ்சள் வைத்த பிறகுதான் கை படும். மஞ்சள் வைக்காமல் வீட்டுக்கு வருகிற பத்திரிகை ஒன்றே ஒன்றுதான், கருமாதிப் பத்திரிகை. அதைத் தபால்காரர்கூட வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்.

அவள் மூலைக்கு மூலை வைத்தாள், பேனாவை எடுத்தாள், கை நின்றது. “நாளைக்குப் போடறேன்” என்றாள். மகளும் நானும் மஞ்சள் காயட்டும் என்று அந்தத் தாளை மின்விசிறிக்குக் கீழே வைத்தோம்.

அடுத்த தடவை பாய் வந்தபோது அந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

“கண்டக்டரே, இது கல்யாணப் பத்திரிகையா? பட்டாளத்துத் தாள்ல ஒரு புள்ளி ஜாஸ்தி இருந்தாலும் மூஞ்சில திருப்பிக் குடுத்துடுவான். மூலை மடங்கக்கூடாது. வேற எடுங்க. சுத்தமா வச்சி குடுங்க.”

அண்ணாமலை நகரில் மாணவர்கள் போகும் பிரவுசிங் சென்டரில் வேறொன்று எடுத்தோம். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மகள் அம்மாவிடம் கொடுத்தாள். பாய் சொன்னதை நான் சொன்னேன். என் மனைவி உறைக்குள் இருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தாள்.

“மஞ்ச இல்லாத தாள்ல நான் கையெழுத்து போடமாட்டேன்.”

“ஏம்மே, அவுங்க வாங்கமாட்டாங்கன்றாரு பாய்.”

“வாங்காத போட்டும்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் காரணம் தெரியும்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். கடலூர் முதுநகரில் ஐஸ் பாக்டரியில் வேலை. மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுவான். என் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்கமாட்டான். “மாமா, நீ டிக்கெட்டுன்னு கேட்டா நான் அக்கான்னு கத்துவேன்” என்பான். பஸ்ஸே சிரிக்கும். என் மகளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, “எஸ்.ஐ. அம்மா” என்றுதான் கூப்பிடுவான். அவளுக்கு நாலு வயதில் ஒரு விசில் வாங்கிக்கொடுத்தவன் அவன்தான். அந்த விசிலால் எங்கள் தெரு ஒரு மாதம் தூங்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் மோட்டார் சைக்கிளை ஒரு மணல் லாரி உரசியது. நான் அப்போது புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸில் இருந்தேன், போன் பையில் இருந்தது, கேட்கவில்லை. அவள்தான் ஓடினாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஒரு தாளைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட அவளைத் தவிர ஆள் இல்லை. அவனுக்கு நல்ல நினைவு இருந்தது. அவள் படிக்கத் தெரிந்தவள், ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறாள். “சீக்கிரம் போடுக்கா, லேட்டு பண்ணா ஐஸ் உருகிடும்” என்றானாம். போட்டாள். தள்ளிக்கொண்டு போனார்கள். நான் போய்ச் சேரும்போது அவள் கையில் அந்தப் பேனா இன்னும் இருந்தது. யாருடையது என்று தெரியாததால் யாரிடமும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இன்னும் வீட்டில் இருக்கிறது.

டாக்டர்கள்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. அவர்கள் முடிந்ததைப் பார்த்தார்கள் என்பாள். கோபம் எல்லாம் தாள்மேல். “வெறுந்தாள்ல போட்டுட்டேன்” என்பாள். நான் எவ்வளவோ பேசுகிறவன், பஸ்ஸில் சண்டை போடுகிறவர்களை இரண்டு நிறுத்தத்துக்குள் சிரிக்க வைத்து இறக்கிவிடுகிறவன், இதைக் கேட்டால் மட்டும் பையை எடுத்துச் சில்லறையை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம்தான், ஆனால் விட்டால் மற்றதைச் சொன்னதற்கு அர்த்தம் இல்லை. கடலூர் பஸ் நிலையத்தில் எங்கள் வண்டி எடுக்க இருபது நிமிஷம் இருந்தது. பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் என் மனைவியின் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். அவள் கையெழுத்து சின்னது, முதல் எழுத்து மட்டும் தலையைத் தூக்கி நிற்கும். ஐந்து தடவை போட்டேன். ஐந்தாவது அவளே போட்டமாதிரி இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெட்கம் வரவேண்டிய இடம். அதுவும் வரவில்லை. “சிதம்பரம், சிதம்பரம், ஏறுங்க ஏறுங்க” என்று கத்தினேன்.

இரண்டு நாள் கழித்துச் சட்டை துவைத்து வந்தது. பையில் கைவிட்டால் அந்தத் தாள் இருந்தது. நனையவில்லை. என் மனைவி துவைப்பதற்கு முன்னால் எடுத்து, துவைத்த பிறகு அதே மடிப்போடு திரும்ப வைத்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். ஐந்து கையெழுத்தும் அப்படியே இருந்தன. தாளின் மூலைகளில் மட்டும் லேசாக மஞ்சள். அன்று சுண்டல் குழம்பு வைத்திருந்தாள், நான் நன்றாக இருக்கிறது என்றேன்.

புறப்படும் நாள் வந்துவிட்டது. முந்தின நாள் சிதம்பரத்தில் நம்பர் பிளேட் எழுதுகிறவர் பெட்டிமேல் வெள்ளைப் பெயின்ட்டில் மகளின் பெயரை எழுதிக் கொடுத்தார். “லாரிக்கு எழுதற மாதிரி எழுதிடவா, பொறாமைப்படாதேன்னு பின்னாடி போட்டுத் தரேன்” என்று கேட்டார். மகள், “அதுக்கு ஒரு ரவுண்டு ஓடணும் அண்ணே” என்றாள். பாயின் பேச்சு அவள் வாயிலும் ஏறிவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காலை ரயிலில் சிதம்பரத்தில் ஏறினோம். மூன்று பேர்தான். சொந்தக்காரர்கள் வேன் வைத்து வருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டோம். பெட்டியை அவளே ஏற்றினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தாள் உறையில் இருந்தது, உறை மகளின் பையில், கையெழுத்து இல்லாமல்.

கிள்ளை போனது, பரங்கிப்பேட்டை போனது. வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. தினமும் இந்த ரயிலுக்காக என் பஸ் அந்தக் கேட்டில் நிற்கும். நான் இறங்கி நின்று இந்த ரயிலைத் திட்டுவேன். இருபது வருஷமாகத் திட்டியிருக்கிறேன். அன்று ரயிலுக்குள்ளிருந்து பார்த்தேன். என் பஸ் நின்றிருந்தது. எனக்குப் பதிலாக வந்த பையன் கீழே நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன் சீட்டு ஜன்னலில் பூக்காரம்மா கூடையோடு. நான் கையைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. கேட் பின்னால் போய்விட்டது. பையன் வாட்சைச் சட்டைக் கைக்கு வெளியே கட்டியிருக்கிறானே, வியர்வையில் போய்விடுமே என்றுதான் தோன்றியது.

முதுநகர் வந்தபோது என் மனைவி ஐஸ் பாக்டரி இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்தாள். மகள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“அம்மா, ஒன்னு சொல்லட்டா?”

“சொல்லு.”

“நீ போட்டா போடு. போடலன்னா சாயந்தரம் இதே ரயிலு இருக்குது, மூணு பேரும் திரும்பி வந்துடலாம். நான் ஒன்னும் நெனச்சிக்கமாட்டேன்.”

“நெனச்சிக்குவ.”

“ஆமா, நெனச்சிக்குவேன். ஆனா வாயத் தொறக்கமாட்டேன்.”

“ஒங்க மாமன் மாதிரியே பேசு” என்றாள் என் மனைவி. தாம்பரத்தில் மகளே பெட்டியை இறக்கினாள்.

அகாடமி வாசலில் பாய் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஒரு ஷாமியானா, நாலைந்து மேசை, பெயர்ப் பட்டியல். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் எல்லா ஊர்ப் பெற்றோரும். மகள் போனை அணைத்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். பட்டியலில் டிக் அடித்து ஒரு நம்பரைச் சட்டையில் குத்தச் சொன்னார்கள். குத்திக்கொண்டாள். அந்த நேரத்திலிருந்து அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. டீ வந்தது. நல்ல டீதான். கொஞ்சம் தள்ளி, உள்ளே போய்விட்ட பிள்ளைகள் பெட்டியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கே என்று தெரியவில்லை.

மகள் உறையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். குமாஸ்தா பார்த்தார். காப்பாளர் பெயரைப் படித்தார். இங்கேயே, தன் கண் முன்னால் போட வேண்டும் என்று கையைக் காட்டினார். என் சட்டைப் பையில் அந்த ஐந்து கையெழுத்துத் தாள் இருந்தது. ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. இனி அதற்கு வேலை இல்லை.

“கேளு, மஞ்ச வச்சா வாங்கிக்குவாரான்னு” என்றாள் என் மனைவி.

மகள் என்.சி.சி. முகாம்களில் கற்ற இந்தியில் கேட்டாள். மஞ்சளை எப்படிச் சொன்னாளோ, நாலு மூலையைக் கையால் காட்டினாள். குமாஸ்தா தலையை ஆட்டினார். கோபமாக இல்லை. தாளை ஒரு விரலால் தொட்டு, சுத்தமாக இருக்கவேண்டும், ஒரு அடையாளமும் கூடாது என்றார். மணியைக் காட்டினார். இரண்டு ஆக இன்னும் பத்து நிமிஷம்.

“ஆவாதாம்மா” என்றாள் மகள்.

அப்போதுதான் என் மனைவி அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அவருக்குப் புரியாது என்று அவளுக்குத் தெரியும். தம்பியைப் பற்றி நாலு வருஷத்தில் அவள் எங்கள் யாரிடமும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. அவன் ஐஸ் உருகும் என்று சொன்னதைச் சொன்னாள். பேனா வீட்டில் இருப்பதைச் சொன்னாள். வெறுந்தாள் என்றாள், உள்ளே போனவன் வந்தானா என்றாள். அவர் இரண்டாவது பேனாவை நீட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பஞ்சாபி அம்மா எட்டிப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

நான் கையிலிருந்த டீயை மேசை ஓரத்தில் வைத்தேன். மகள் நம்பர் குத்திய சட்டையில் நேராக நின்றிருந்தாள், கண் மட்டும் பெட்டியில்.

என் மனைவி பேசி முடித்தாள். மேசையிலிருந்த தாளை எடுத்தாள், திருப்பி மகளிடம் கொடுத்தாள். போச்சு என்று நினைத்தேன். சாயந்தர ரயில் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட்டது.

அவள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கீழே குந்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். மஞ்சள் தூள். உள்ளங்கையில் கொட்டி, “தண்ணி ஊத்துங்க” என்றாள். நான் பாட்டிலைச் சாய்த்தேன். குழைத்தாள். கறுப்புப் பெட்டியின் மூடியில் ஒரு மூலையில் வைத்தாள், அடுத்த மூலையில் வைத்தாள். மகளின் பெயர் எழுதியிருந்த பக்கம் இரண்டு மூலையிலும் பெயின்ட்டில் படாமல் நிதானமாக வைத்தாள். கையைப் பாட்டில் தண்ணீரில் கழுவி, முந்தானையில் இரண்டு தடவை துடைத்தாள். விரலை மோந்து பார்த்து இன்னொரு தடவை துடைத்தாள்.

பிறகு மகளிடம் கையை நீட்டித் தாளை வாங்கி, நாலு மஞ்சளுக்கும் நடுவில், பெட்டிமேல் வைத்தாள். குமாஸ்தாவைப் பார்த்துப் பேனாவுக்குக் கையை நீட்டினாள். அவர் எழுந்து வந்து கொடுத்தார். முதல் எழுத்துத் தலையைத் தூக்கி நிற்கும்படி கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி, மறக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.